எழுதுவோர் கூடிய வரலாறு

எழுதுதல் தனிமையில் நிகழும் தொழில். ஆயினும், எழுதியது இலக்கியமாக நிலைபெறுவது அதனைப் படிப்பாரும் பாராட்டுவாரும் மறுத்துரைப்பாரும் ஓரிடத்தில் கூடும்போதுதான். நம் பழம்பாடல்களைச் சங்க இலக்கியம் என்றே வழங்குகிறோம். கூடுதல் என்னும் பொருள் அப்பெயரிலேயே அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

மலேசியத் தமிழ் எழுத்துக்கு இக்கூட்டம் மற்ற எந்நாட்டுத் தமிழ் எழுத்தையும்விட இன்றியமையாததாக இருந்திருக்கிறது. ஏனெனில், இந்நாட்டில் தமிழ் எழுத வந்தோரிற் பெரும்பாலோர் நகரங்களில் ஒருங்கே வாழ்ந்தவரல்லர். ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும், தேயிலை மலைச்சரிவுகளிலும், இரயில் நிலையக் குடியிருப்புகளிலும் சிதறிக் கிடந்தவர்கள். ஒரு தோட்டத்தில் கதை எழுதுகின்ற இளைஞர் ஒருவர் இருப்பார். பத்து மைல் தொலைவில் மற்றொரு தோட்டத்தில் கவிதை எழுதுகின்றவர் ஒருவர் இருப்பார். ஒருவரை ஒருவர் நாளேட்டின் ஞாயிறு மலரிலே பெயரளவில் அறிவாரன்றி முகத்தளவில் அறியார். இவர்களைக் கூட்டிவைத்தது யார், எப்படிக் கூட்டினார்கள், கூடிய கூட்டங்களில் எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பனவற்றைப் பிரிஞ்சாங் மலையூரிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மலையும் மக்களும்

1885ஆம் ஆண்டில் நிலவளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் இம்மலை காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இதை மலைவாழிடமாக ஆக்கலாம் என்று கருதினார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை 1931இல் முடிவுற்றது. அச்சாலை வழியே தமிழ்த் தொழிலாளர் மேலேறி வந்து, காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டனர். பிரிஞ்சாங்கைச் சூழ்ந்துள்ள சுங்கை பாலாஸ், அப்பாலுள்ள புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பசுமை, அவர்தம் உழைப்பின் பசுமையேயாகும்.

இம்மலைக்கு ஒரு வியப்பான நிலை உண்டு. அரசாட்சி முறையில் இது பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் நெடுங்காலம் இங்கிருந்து வெளியே செல்லும் வழி பேராக் மாநிலத்துத் தாப்பா வழியே இருந்தது. 2000க்குப் பின் சிம்பாங் பூலாய் வழியே வந்த சாலையும் ஈப்போவையே நமக்கு அண்மையாக்கியது. மாநிலத் தலைநகராகிய குவாந்தானோ நெடுந்தொலைவில் இருக்கிறது. எனவே, பகாங் எழுத்தாளர் என்ற பெயரில் ஒரு கூட்டம் குவாந்தானில் கூட்டப்பட்டால், பிரிஞ்சாங் எழுத்தாளருக்கு அது கோலாலம்பூர்க் கூட்டத்தைவிடத் தொலைவானது. வட்டாரக் கூட்டம் என்பது வரைபடத்திலுள்ள எல்லைக்கோட்டைப் பார்த்து அமைக்கத்தக்கதன்று. மக்கள் நாள்தோறும் போய்வரும் சாலையைப் பார்த்து அமைக்கத்தக்கது. இம்மலை நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

தமிழர் சென்ற இடமெல்லாம் முதலிற் கூடியது கோயிலில். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் அத்தகைய கூடுமிடமாயிற்று. அடுத்துக் கூடியது தமிழ்ப்பள்ளியில். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாடகம் எழுதியவரும், பள்ளி விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதியவருமே பல ஊர்களில் முதல் எழுத்தாளர் ஆயினர். ஆயினும் அவர் எழுதியது அவ்விழாவோடு முடிந்தது. அதைத் தோட்டத்து எல்லைக்கு வெளியே கொண்டு செல்ல நாளேடு வரவேண்டியிருந்தது.

நாளேடு அழைத்த கூட்டங்கள்

1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இவ்விரண்டிற்கும் இடையே, 1929 டிசம்பரில் ஈப்போவில் அகில மலாயாத் தமிழர் மாநாடு கூடியது. தந்தை பெரியார் அதில் கலந்துகொண்டார். அது எழுத்தாளர் மாநாடு அன்று. சமுதாயச் சீர்திருத்த மாநாடு. எனினும், தோட்டத்துத் தமிழர் தம் குறைகளைத் தாமே பேசவும் எழுதவும் வேண்டும் என்னும் உணர்ச்சியை வளர்த்ததில் அதற்குப் பங்குண்டு. அம்மாநாடு தலைநகரில் அன்றி ஈப்போவிற் கூடியதும் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

1948 முதல் 1960 வரை இந்நாட்டில் அவசரகாலம் நிலவியது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்கு வந்தது. மலைச்சாலைகளில் இரவுப் பயணம் அச்சத்துக்குரியதாயிற்று. அத்தகைய நாளிலே, 1950இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வாயிலாகக் 'கதை வகுப்பு' ஒன்றைத் தொடங்கினர். பாடம் இதழில் வரும். மாணவர் தாம் இருந்த இடத்திலிருந்தே எழுதி அனுப்புவர். கூட முடியாதவர்களுக்கு ஏட்டிலேயே ஒரு கூடம் அமைத்ததுபோல் அது விளங்கியது. 1951இல் முடிந்த அவ்வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையின் திருப்புமுனையாக இலக்கிய வரலாற்றாசிரியர் கூறுகின்றனர்.

1952இல் சாரங்கபாணி 'தமிழர் திருநாள்' கண்டார். பொங்கலை ஒட்டி, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் விழாவாக அதை அமைத்தார். சிங்கப்பூரில் தொடங்கிய அது மலாயாவின் ஊர்களுக்கும் பரவியது. பேச்சு, எழுத்து, நாடகம் ஆகியவற்றில் போட்டிகள் நடைபெற்றன. அதே காலத்தில் 'தமிழ் முரசு' இதழில் மாணவர்க்கென வந்த 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதி, பல்லாயிரம் இளம் படிப்பாளிகளுக்கு எழுத்துப் பயிற்சிக்களம் ஆயிற்று.

கோலாலம்பூரிலோ, 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவிற் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தமிழகம் திரும்பும்வரை இளம் எழுத்தாளரோடு உரையாடினார். இலக்கிய வட்டம் கூட்டினார். அவர் ஒரு சிறந்த சிறுகதையாசிரியர். தாம் எழுதும் நேரத்தைப் பிறர் எழுத்தைப் படித்துத் திருத்தும் நேரமாக மாற்றிக்கொண்ட அவர் பண்பு இந்நாட்டு இலக்கியத்துக்கு வாய்த்த பேறு எனலாம்.

இக்கூட்டங்களையெல்லாம் அழைத்தது நாளேடு. ஆனால் அழைப்பு வேறு; ஏற்பு வேறு. தமிழர் திருநாள், அதன் தலைவரும் இதழும் முனைந்து நின்ற காலத்தில் ஓங்கி நின்றது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாகப் பிரிந்தபின் அதன் பழைய வீச்சு குறைந்தது. மாணவர் மணிமன்றத்தின் கதை வேறு. நாளேட்டின் ஒரு பகுதியாகப் பிறந்த அது, இந்நாட்டின் சிற்றூர்களில் இளைஞர்களே நடத்திய மன்றங்களாக வேரூன்றி, பின்னர்த் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் நாடு தழுவிய இயக்கமாயிற்று. பக்கத்தை நடத்தியது சிங்கப்பூர். மன்றத்தை நடத்தியது அந்தந்த ஊர். ஊர் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது நிலைத்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

சங்கம் கண்ட காலம்

1960களின் தொடக்கம் இந்நாட்டுத் தமிழர்க்கு அமைப்புகள் தோன்றிய காலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1962இல் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளின் பெருமுயற்சி அது. உலகத் தமிழறிஞர் கூடிய முதல் மாநாட்டுக்கு இடமளித்த பெருமை, தோட்டத் தொழிலாளர் நாடு என்று கருதப்பட்ட இந்நாட்டுக்கே கிடைத்தது.

எழுத்தாளர் சங்கத்தின் தலைமையில் இருந்தோருள் முருகு சுப்பிரமணியன் குறிப்பிடத்தக்கவர். அவர் புதுக்கோட்டையில் 1947இல் 'பொன்னி' இதழை நடத்திப் புகழ்பெற்றவர். பின்னர் இங்கு வந்து 'தமிழ் முரசு', 'தமிழ் நேசன்' இதழ்களிற் பணியாற்றினார். 1970களில் 'தமிழ் நேசன்' நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு வழங்கியது. 1977இல் ஆதி. குமணன் தொடங்கிய 'வானம்பாடி' வார இதழ் புதுக்கவிதைக்கும் இளையோருக்கும் கதவைத் திறந்தது. பின்னர் அவரும் நெடுங்காலம் எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். மாநிலங்களிலும் எழுத்தாளர் அமைப்புகள் தோன்றின.

இவ்வளர்ச்சியினூடே ஒரு குறையும் வளர்ந்தது. கூட்டங்கள் பெருநகரங்களில் கூடின. தோட்டத்து எழுத்தாளர் ஒருவர் கோலாலம்பூரில் ஒரு நாள் கருத்தரங்கில் அமர வேண்டுமானால் பேருந்துச் செலவு, தங்குமிடம், ஒருநாட் கூலி இழப்பு ஆகிய மூன்றையும் தாங்கவேண்டும். பெண்களுக்கு இவற்றோடு வீட்டின் இசைவும் வேண்டும். கொழுந்து பறிக்கும் கைகளே எழுதுகோலும் பிடித்த காலத்தில், அக்கைகளுக்கு உரியவர் எத்தனை முறை தலைநகர் சென்றிருக்க இயலும்? அவர்கள் எழுத்து இதழ்களில் வந்தது. அவர்கள் அவைக்கு வரவில்லை. அவைக்கு வராதவர் பெயர் தொகுப்பு நூல்களிலும் இடம்பெறாமற் போவது இயல்பாயிற்று.

காரைக்குடி காட்டும் வழி

தலைநகரில் அன்றிச் சிற்றூரில் ஓர் இலக்கியக் கூட்டம் நெடுங்காலம் நிலைக்க முடியுமா என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை தமிழகத்துக் காரைக்குடியில் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரரான கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939இல் அங்குக் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் காரைக்குடியில் மூன்று நாளும், கம்பர் அடங்கிய இடம் என்று போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில் ஒரு நாளும் விழா நடைபெறும். குறித்த மணிக்குத் தொடங்கும். குறித்த மணிக்கு முடியும். தலைவர் வரவில்லை என்று விழா காத்திராது. சா. கணேசன் 1982இல் மறைந்தார். விழாவோ அவருக்குப் பின்னும் தொடர்கிறது.

அவ்விழா நிலைத்ததற்குக் காரணங்கள் மூன்று. நாள் மாறாமை ஒன்று. ஆண்டின் எந்நாள் என்பது எல்லார்க்கும் முன்னமே தெரியும். நேரம் தவறாமை மற்றொன்று. தொலைவிலிருந்து வருவோர் நம்பித் திட்டமிடலாம். பொருள் சிதறாமை மூன்றாவது. கம்பன் என்னும் ஒரே பொருளைச் சுற்றி அவை கூடியது. செல்வம் மிக்க ஊராதலால் நடந்தது என்பார் உளர். செல்வம் மட்டும் காரணமாயின், செல்வம் மிக்க ஊர்கள் அனைத்திலும் இத்தகைய விழா நிலைத்திருக்க வேண்டுமன்றோ?

வலைப்பதிவர் கூடிய ஊர்கள்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்து தாளைவிட்டுத் திரைக்கு ஏறியது. அதிலும் மலேசியத் தமிழர்க்கு முன்னிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருள் கணினியில் தமிழ் எழுத வழிகாட்டியது. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் தோன்றியது. அடுத்த ஆண்டே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

பின்னர் வலைப்பதிவு வந்தது. பதிப்பாசிரியரும் அச்சகமும் இன்றி எவரும் தம் எழுத்தைத் தாமே வெளியிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, உலகெங்கும் சிதறி எழுதிய தமிழரின் பதிவுகளை ஓரிடத்திற் காட்டியது. நாளேட்டின் ஞாயிறு மலர் அந்நாளில் செய்த பணியை இந்நாளில் அது செய்தது எனலாம். பெயரால் அறிந்து முகத்தால் அறியாத அதே நிலையும் திரும்பி வந்தது.

அந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் தமிழகத்துப் பதிவர்கள். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் பதிவர் பட்டறை நடந்தது. எழுதுவோர் ஒருவரை ஒருவர் கண்டு மகிழ்ந்ததோடு அது நிற்கவில்லை. கணினியில் தமிழ் தட்டச்சு செய்வது எப்படி, வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று புதியவர்க்குக் கற்பித்தனர். பின்னர் ஈரோட்டுப் பதிவர்கள் 2009 முதல் 'சங்கமம்' என்ற பெயரில் ஆண்டுக் கூட்டம் நடத்தினர். சென்னையிலும் மதுரையிலும் திருவிழாக்கள் நடந்தபின், 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் பதிவர் திருவிழா கூடியது. கவிஞரும் ஆசிரியருமான நா. முத்துநிலவன் முதலியோர் கணினித் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அதை நடத்தினர். தமிழ் இணையக் கல்விக் கழகத்தோடு இணைந்து போட்டிகள் வைத்தனர். வலைப்பதிவர்கள் பற்றிய கையேடு ஒன்றையும் அச்சிட்டு வெளியிட்டனர்.

அக்கையேட்டின் அருமை இன்றுதான் தெரிகிறது. 2009இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்கள் பல அழிந்தன. 2020இல் யாஹூ குழுமங்கள் மூடப்பட்டன. தமிழ்மணமும் நின்றுபோனது. எழுதிய பலர் முகநூலுக்குச் சென்றனர். அங்கே நேற்று எழுதியதை இன்று தேடி எடுப்பதே அரிதாயிற்று. நாளேட்டுக்கும் இந்நிலையே. 1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது. இதழும் நிற்கும், இணையப் பக்கமும் மறையும். கூடியவர் கையிற் கொடுத்தனுப்பிய அச்சு நூல் ஏதேனும் ஒரு வீட்டுப் பேழையில் எஞ்சும்.

கேமரன் மலையில் ஒரு கூட்டம்

இவ்வரலாற்றை இங்கே எடுத்துரைத்ததற்கு ஒரு நோக்கமுண்டு. இம்மலையில் நிகழ்ந்துவரும் மாற்றம் விரைவானது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்பின், குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் நாடு திரும்பினர். எஞ்சியவரின் பிள்ளைகள் கல்வி கற்றுச் சமவெளி நகரங்களுக்கு இறங்கினர். இன்று தேயிலைச் சரிவுகளில் பணிபுரிவோரிற் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் முதுமையடைந்துவிட்டனர். தோட்டத்தின் ஒவ்வொரு சரிவுக்கும் அவர்கள் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களும், கூடை சுமந்து பாடிய பாடல்களும், அவசரகாலத்தில் அனுபவித்த இன்னல்களும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை எழுதத்தக்கவர் இம்மலையிற் பிறந்தவரே. அவருள் சிலர் இங்குள்ளனர். பலர் ஈப்போவிலும் தாப்பாவிலும் கோலாலம்பூரிலும் உள்ளனர். அவர்கள் ஆண்டுக்கொருமுறை பிரிஞ்சாங்கிற் கூடுதல் வேண்டும்.

எவ்வாறு கூட்டுவது? வரலாறு தரும் விடைகள் எளியவை. முதலாவது, நாள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார விடுமுறையிலும் இம்மலைச் சாலைகள் சுற்றுலா வண்டிகளால் அடைபடும். விடுதிக் கட்டணமும் ஏறும். ஆண்டிறுதி மழையில் மண்சரிவு நேர்ந்து சாலை தடைப்படும். இவ்விரண்டையும் விலக்கி, ஆண்டுதோறும் மாறாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கவேண்டும். தொடக்கம் முற்பகல் பத்து மணிக்கு, முடிவு பிற்பகல் மூன்று மணிக்கு என அமைந்தால், ஈப்போவிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வருவோர் இருள்முன் மலையிறங்கலாம். தங்குமிடச் செலவே எழாது.

இரண்டாவது, இடம். தமிழ்ப்பள்ளி மண்டபமே போதும். முன்கூட்டி அனுமதி பெற்று, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் உடன்சேர்த்தால் பள்ளி மாணவரும் அவைக்கு வருவர். தோட்டத்திலிருந்து வரும் முதியோர்க்கு வண்டி அனுப்பவேண்டும். அழைப்பிதழைவிட வண்டியே அவர்களை அழைத்துவரும்.

மூன்றாவது, பொருள். வாழ்த்துரைகளுக்கும் மாலை மரியாதைகளுக்கும் நம் கூட்டங்களில் நேரம் மிகுதியாகச் செலவாகிறது. பேராளர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரவேண்டும் என்ற ஒரே விதியை வைக்கலாம். எழுதத் தெரியாத முதியவர் சொல்ல, இளைஞர் எழுதிக்கொள்ளட்டும். படிக்கப்பட்டதைக் கேட்டோர் அங்கேயே திருத்தம் சொல்லட்டும். இன்ன சரிவின் பெயர் அதுவன்று, இது என்று மூதாட்டி ஒருவர் எழுந்து கூறினால், அவ்வவையில் அவரே புலவர்.

நான்காவது, பதிவு. அவ்வாறு சேர்ந்த பக்கங்களை மலராக அச்சிடவேண்டும். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி அச்சிட்ட நூலின் ஐந்து படிகள் மலேசியத் தேசிய நூலகத்துக்கு அளிக்கப்படவேண்டும். பலர் அதைச் சுமையாகக் கருதுகின்றனர். உண்மையில் அது நமக்குக் கிடைத்த காப்பு. நம் வீட்டுப் படி கரையானுக்கு இரையானாலும் நாட்டின் நூலகத்தில் ஒரு படி இருக்கும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் ஒரு படி அளித்தல் வேண்டும். அப்பக்கங்களை இணையத்திலும் ஏற்றலாம். ஆனால் இணையத்தை மட்டும் நம்பலாகாது.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. மதிய உணவும், வண்டி வாடகையும், மலரின் அச்சுக்கூலியுமே. ஏற்பாட்டுக் குழுவில் ஐவர் இருந்தாற் போதும். ஆனால் அவ்வைவரும் மலையூரினராக இருத்தல் வேண்டும். தலைநகரிலிருந்து அறிஞரை அழைக்கலாம். அவரை நம்பிக் கூட்டத்தைத் தொடங்கலாகாது. மணிமன்றமும் காரைக்குடியும் புதுக்கோட்டையும் காட்டுவது அதுவே.

1929இல் இம்மலையில் முதல் தேயிலைத் தோட்டம் தோன்றியது. 2029இல் அதற்கு நூறாண்டு நிறைகிறது. நூற்றாண்டு விழாக் கொண்டாடுவோர் தோட்டத்தை நிறுவியவரின் பெயரை மறவாமற் கூறுவர்; அது முறையே. காட்டை அழித்துச் செடி நட்டவர் பெயர்களைக் கூறுவோர் யார்? அன்று அவையில் எடுத்துப் படிக்கத்தக்க ஒரு மலரேனும் நம் கையில் இருக்கவேண்டுமானால், அடுத்த ஆண்டே முதற்கூட்டத்தைக் கூட்டுதல் வேண்டும். சொல்லத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.